பட்டா என் கையில், மண் காளவாயில்

எங்கள் மேட்டு வயலுக்குள் இறங்குவதற்கு வரப்பில் மூன்று படிகள் வெட்டி வைத்திருக்கிறேன். வயலுக்குப் படி வெட்டியவன் பாமணியாற்றுப் பாசனத்திலேயே நான் ஒருவன்தான் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வதுண்டு. அந்த மூன்று மா நிலம் ஒரு காலத்தில் சுற்றியுள்ள வயல்களைவிட அரை அடி உயரமாக இருந்தது. மேட்டு வயல் என்ற பெயர் அதனால் வந்தது. இன்று அது அக்கம்பக்கத்தைவிட இரண்டரை அடி தாழ்ந்து கிடக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. 2013-ஆம் ஆண்டுக் கோடையில், என் முழுச் சம்மதத்துடன், அதன் மேலிருந்த மூன்று அடி மண் செங்கல் காளவாய்க்குப் போயிற்று. அதற்குப் பிறகு அந்த நிலத்தை மீண்டும் விளையவைக்க நான் பட்ட பாட்டையும், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் எழுதி வைத்தால், இப்போது இதே பேச்சைக் கேட்டுக்கொண்டு வரப்பில் நின்று யோசிப்பவர்களுக்கு உதவக்கூடும். காவிரி டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்றாலும் முழுநேர விவசாயி அல்லன். அஞ்சலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அப்பா விட்டுச் சென்ற பன்னிரண்டு மாவையும் ஆள் வைத்துப் பார்த்துவந்தேன். 2012-இல் காவிரியில் போதிய தண்ணீர் இல்லை. குறுவை இல்லாமலே போயிற்று. சம்பாவும் கதிர் வாங்கும் தறுவாயில் காய்ந்தது. கூட்டுறவுக் கடன் அப்படியே நின்றது. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பங்குனிக் கடைசியில் தரகர் வந்தார்.

"மேட்டு வயலா கெடக்குது சார், தண்ணி ஏற மாட்டேங்குது, வருசா வருசம் எஞ்சின் வச்சுத்தான் எறைக்கிறீங்க. மூணு அடி எடுத்துட்டா வாய்க்கா தண்ணி தானா பாயும். காசும் கைக்கு வரும், நெலமும் ஒங்க பேர்லயே இருக்கும். மண்ணு எங்க போயிடப் போவுது?"

அவர் சொன்னதில் பொய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் ஏறாததும் உண்மை, எஞ்சின் வைத்து இறைத்ததும் உண்மை. அரை அடி இறக்கியிருந்தால் போதுமான வயலை மூன்று அடி இறக்க ஒப்புக்கொண்டது மட்டும் என்னுடைய காரியம். ஏக்கருக்கு 90,000 ரூபாய் என்று பேச்சு முடிந்தது. எழுத்தில் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. செங்கல் மண் சிறுகனிமக் கணக்கில் வருவதென்பதோ, சொந்தப் பட்டா நிலத்திலிருந்து எடுப்பதற்கும் அரசு அனுமதி வேண்டுமென்பதோ எனக்கு அப்போது தெரியாது. "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றார் தரகர், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பொக்லைன் இறங்கிய ஒன்பதாவது நாள் வேலை முடிந்துவிட்டது. ஆழத்தை அளந்து பார்ப்பதற்காக வயலின் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு மண்திட்டு ஒன்றை விட்டிருந்தார்கள். அதன் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் நாற்பது ஆண்டுகள் மிதித்துத் திரிந்த நிலத்தின் உள்ளே என்ன இருந்தது என்பதை முதன்முதலாகக் கண்டேன். மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுப்பு. அதில் வைக்கோல் மக்கும் வேர்த் துணுக்குகளும் மண்புழு துளைகளும் இருந்தன. அதற்குக் கீழே இறுகிய, மஞ்சள் கலந்த பழுப்பு. இன்னும் கீழே பாய்களை அடுக்கினாற்போல் வண்டல் ஒரு வரி, நைசான மணல் ஒரு வரி, மறுபடியும் வண்டல். ஒவ்வொரு வரியும் எந்தக் காலத்திலோ காவிரி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளத்தின் அடையாளம். மறுநாள் அந்தத் திட்டையும் வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கிழக்கு வரப்புக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. வேலை முடிந்த அன்று மாலை அவர் வரப்பில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டா தம்பி, நெலத்த விக்கிறவன் பட்டாவையும் சேத்துத்தான் விப்பான். நீ பட்டாவ வச்சுக்கிட்டு நெலத்த மட்டும் வித்திருக்கியே."

மண் மறுபடியும் வந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு மட்டும் உரியதன்று. டெல்டாவில் பிறந்தவர்கள் பலருக்கும் அடிமனத்தில் அது இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. என் தாத்தா, மேட்டூர் அணைக்கு முந்திய காலத்தைச் சிறுவயதில் பார்த்தவர். ஆடியில் வரும் புதுத் தண்ணீர் செங்காவி நிறத்தில் வரும் என்றும், முதல் பாய்ச்சலுக்குப் பிறகு தண்ணீரை வடித்தால் வயல் முழுவதும் பாலாடை படிந்தது போல வண்டல் படிந்திருக்கும் என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாய்க்கால்களில் தங்கிய வண்டலைக் கோடையில் குடிமராமத்தில் ஊரே கூடி வாரும். வாரியதைக் கரைக்குப் போட்டது போக மிச்சத்தை அவரவர் வயலுக்கு வண்டியில் அடித்துக்கொள்வார்கள். எடுத்தால் வரும் பொருள் என்று அவர்கள் மண்ணைக் கருதியதில் தவறு இல்லை, அவர்களுக்கு அது வந்துகொண்டுதான் இருந்தது.

1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிட்டது. மேட்டூருக்குக் கீழே காவிரியில் கலக்கும் பவானியிலும் அமராவதியிலும் 1950-களில் அணைகள் வந்தன. அணைகளால் எங்களுக்குக் கிடைத்த நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஜூன் 12 என்று ஒரு தேதியை வைத்துக் குறுவைக்கு நாற்றுவிட முடிந்தது அந்த அணையால்தான். ஆனால் தண்ணீர் வந்தால் மண்ணும் வரும் என்ற பழைய உடன்பாடு அன்றோடு முடிந்துவிட்டது. தண்ணீரை ஆண்டுதோறும் எதிர்பார்க்கிறோம், வராவிட்டால் போராடுகிறோம். மண் வராமற்போனதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. அது பாறை சிதைந்து மண்ணாகும் இடத்துக்கான கணக்கு, ஆற்று வண்டல் நிலத்துக்குப் பொருந்தாது என்று நான் ஒருவரிடம் வாதிட்டதுண்டு. கொண்டுவந்து கொட்ட ஆறு இருக்கும்வரையில்தான் அந்த வாதம் நிற்கும் என்பது பிறகு புரிந்தது.

மண் எடுத்த அந்த 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தண்ணீர் திறந்தார்கள். தரகர் சொன்னபடியே வாய்க்கால் தண்ணீர் தானாகப் பாய்ந்தது. டிராக்டர் சேற்றுழவு ஓட்டும்போது பின்னாலேயே மடையான்களும் கொக்குகளும் இறங்கிப் புழு பொறுக்குவது எங்கள் பக்கம் வழக்கமான காட்சி. அன்று இரண்டு மடையான்கள் இறங்கின, பத்தடி நடந்து பார்த்தன, சித்தப்பா வயலுக்குப் பறந்துவிட்டன. அதை நான் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நட்ட இருபதாம் நாள் இலைகளில் துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. பயிர் தூர் கட்டாமல் நட்டபடியே நின்றது. வடகிழக்கு மூலையில் நான் சொன்ன அந்த மணல் வரி மேலே வந்துவிட்டதால் காலையில் கட்டிய தண்ணீர் மாலைக்குள் இறங்கிவிடும். தெற்குப் பக்கம் சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த களி, அங்கே விட்ட தண்ணீர் அசையாது. ஆண்டாண்டாகச் சேறடித்து நடவு செய்யும் வயலில் ஏரின் ஆழத்துக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று உருவாகி, அதுதான் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிறது. மண்ணோடு சேர்த்து அந்தத் தட்டையும் நான் விற்றிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பயிர் வெளுத்திருக்கிறதே என்று மூட்டைக்கு மேல் மூட்டையாக யூரியா போட்டேன். பத்து நாள் கரும்பச்சையாக நின்றது. அதன் பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு வந்து சேர்ந்தது. அறுத்தபோது, முன்பு 60 கிலோ மூட்டையில் மாவுக்குப் பன்னிரண்டு கண்ட நிலம், மூன்று மாவுக்கும் சேர்த்துப் பதின்மூன்று மூட்டை கண்டது.

அதற்கு அடுத்த கோடையில்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அதை முன்னமே செய்திருக்கலாம், செலவும் அதிகமில்லை. மாதிரி எடுப்பதில் பலர் தவறு செய்கிறார்கள் என்பதால் முறையைச் சொல்கிறேன். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டு, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் சரிவை மேலிருந்து கீழாகச் சீராகச் செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்குகளைத் தள்ளி, இப்படியே அரைக் கிலோ மிஞ்சும்வரை செய்து, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். மண் வெட்டிய வயலாக இருந்தால் முழு வயலுக்கும் ஒரே மாதிரி போதாது. நான் மணல் மூலைக்கு ஒன்று, களிப் பக்கத்துக்கு ஒன்று, ஒப்பிடுவதற்காகச் சித்தப்பா வயலிலிருந்து ஒன்று என்று மூன்று கொடுத்தேன்.

சித்தப்பா வயலில் அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் எவ்வளவு மக்கு இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு, 0.62 சதவீதம். பரிசோதனைக் கணக்கில் அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, முக்காலுக்கு மேல் என்றால் நல்ல அளவு. ஆக அவருடையது நடுத்தரம். என்னுடைய களிப் பக்கத்தில் 0.21, மணல் மூலையில் அதற்கும் கீழே. கார அமில நிலை அவருக்கு 7.4, எனக்கு 8.4. துத்தநாகம் பற்றாக்குறை என்று தனியே எழுதியிருந்தது. துருப் புள்ளிகளின் காரணம் அதுதான். அடிமண்ணில் காரம் கூடுதலாகவும் மக்கு குறைவாகவும் இருப்பது இயல்பு. நிலத்தில் பயிருக்கு உணவு வைத்திருந்தது மேலேயிருந்த அந்த ஒரு சாண் கறுப்பு மண் மட்டுமே. மிச்ச இரண்டேகால் அடியும் அதைத் தாங்கி, நீரை வாங்கி வைத்து விட்டுக்கொடுக்கும் வேலையைச் செய்துவந்தன.

அன்றிரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கரில் மூன்று அடி என்றால் ஏறத்தாழ 3,700 கன மீட்டர். டிராக்டர் டிப்பருக்கு மூன்று கன மீட்டர் வீதம் 1,230 சுமைக்கு மேல். 90,000 ரூபாயை அதால் வகுத்தால் சுமைக்கு 73 ரூபாய். அன்றைக்கு ஒரு மூட்டை நெல் 800 ரூபாய் அளவில் விற்றது. ஆண்டுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று மூட்டை குறைகிறதென்றால் ஐந்து ஆண்டுகளுக்குள் வாங்கிய பணம் முழுவதும் விளைச்சல் இழப்பிலேயே போய்விடும். ஆறாவது ஆண்டிலிருந்து என் கைப்பணம் போகத் தொடங்கும். கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தால்கூட அதற்குள் அடைத்திருப்பேன் என்று என் மனைவி அமைதியாகச் சொன்னாள்.

மண்ணின் வளம் போனதை எருவிட்டு ஓரளவு ஈடு செய்யலாம். மட்டம் போனதற்கு ஈடு கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2015 நவம்பர், டிசம்பர் மழை. எங்கள் வடிகால் வாய்க்காலின் தரைமட்டமும் என் வயலின் தரைமட்டமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டிருந்தன. ஊர் வயல்களெல்லாம் வடிகாலில் வடிய, வடிகால் என் வயலில் வடிந்தது. ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. டீசல் எஞ்சின் வைத்து வயலிலிருந்து வாய்க்காலுக்கு மேல்நோக்கி இறைத்தேன். முன்பு வாய்க்காலிலிருந்து வயலுக்கு இறைத்த அதே எஞ்சின். அதே மழையில் கிழக்கு வரப்பு இரண்டு இடங்களில் சரிந்து, சித்தப்பாவின் நடவில் ஒரு பாகம் என் பள்ளத்துக்குள் வந்து விழுந்தது. பொக்லைன்காரர்கள் வரப்பை ஒட்டி இரண்டடி மட்டும் விட்டு நெட்டாக வெட்டியிருந்தார்கள். மூன்றடி ஆழத்துக்கு வெட்டினால், அண்டை வயலிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி, சரிவாக இறக்கியிருக்க வேண்டும். அந்த வரப்பை என் செலவில் சரிவாகக் கட்டி, வெட்டிவேர் நட்டுக் கொடுத்தேன். அது போக, மேட்டிலிருக்கும் அவருடைய வயல் தண்ணீர் என் பள்ளத்துக்குக் கசிந்துகொண்டே இருக்கிறது. அவர் கூடுதலாக ஒரு தண்ணீர் வைக்க வேண்டியிருக்கிறது. என் மண்ணை விற்றதாகத்தான் நினைத்தேன்; அவருடைய தண்ணீரிலும் கொஞ்சம் சேர்த்து விற்றிருக்கிறேன்.

இனிப் பரிகாரங்களுக்கு வருகிறேன். முதலில் தொடங்கியது பசுந்தாள் உரம். ஏக்கருக்கு இருபது கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், நாற்பது, நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுவது எல்லோரும் அறிந்த முறை. முதல் ஆண்டு அது முழங்காலைத் தாண்டவில்லை. மணல் மூலையில் முளைத்ததோடு சரி. பணம் வீணாயிற்று என்று நினைத்தேன். ஆனால் தக்கைப்பூண்டை உரமாகப் பார்ப்பதோடு அளவுகோலாகவும் பார்க்கலாம் என்று பிறகு புரிந்தது. இரண்டாம் ஆண்டு இடுப்பளவு, நான்காம் ஆண்டு ஆள் உயரம். எந்த இடத்தில் குட்டையாக நிற்கிறதோ அந்த இடத்துக்கு அந்தக் கோடையில் கூடுதல் எரு. ஆய்வகத் தாளைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று சொல்வார்கள். சம்பா அறுவடைக்குப் பிறகு இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளோடு எங்கள் பகுதிக்கு வருவது பழைய வழக்கம். இரவுக்கு இவ்வளவு என்று பேசிக் கிடை போட்டேன். முதல் தடவை வந்த கீதாரி வயலைப் பார்த்துவிட்டு, "மேட்டு வயல்னு சொல்லிக் கூட்டியாந்தீங்க, பள்ளத்துல அடைக்கச் சொல்றீங்களே" என்று கேட்டார். கோடை மழை ஒன்று பெய்தால் ஆடுகள் சேற்றில் நிற்க வேண்டிவரும் என்பது அவர் கவலை, அது நியாயமானதுதான். வானம் வெளுத்திருந்த நாட்களாகப் பார்த்து மூன்று இரவுகள் அடைத்தார். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்தை இரண்டு நாளுக்குள் மேலோட்டமாக உழுதுவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் சத்தில் பாதி போய்விடும் என்று அவர்தான் சொன்னார். என் அனுபவத்தில், செலவழித்த ரூபாய்க்கு அதிகப் பலன் தந்தது கிடைதான்.

2017-இல் ஏரி குளங்களின் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தபோது நானும் விண்ணப்பித்தேன். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது இருபத்தைந்து டிராக்டர் சுமை. சிட்டா, அடங்கல் நகல்களோடு அலைந்து அனுமதி வாங்குவதற்குள் குளத்தில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்தேன். மண்ணுக்குக் காசு இல்லை; ஏற்றவும் கொண்டுவரவும் சுமைக்கு 450 ரூபாய். 73 ரூபாய்க்கு விற்றதை 450 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். இருபத்தைந்து சுமையையும் ஏக்கர் முழுவதும் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கூட வராது. இழந்த மூன்று அடியை இந்த வழியில் நிரப்ப ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வேண்டும், அதுவும் ஊர்க்குளத்து வண்டல் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டால். ஆகவே பரப்பவில்லை. எல்லாவற்றையும் மணல் மூலையிலேயே கொட்டி, அந்த இடத்தை மட்டும் தண்ணீர் தாங்கும்படி செய்தேன். அது சரியான முடிவாக இருந்தது. வண்டல் எடுப்பவர்கள் அதையும் ஒரு பிடி பரிசோதனைக்குக் கொடுத்து உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கோடையிலேயே கொட்டி, வெயிலில் வெடிக்கவிட்டு, பிறகு பரப்ப வேண்டும். நான் ஈரத்தோடு பரப்பினேன். குளத்துக் கோரைக் கிழங்கு வண்டலோடு வந்து சேர்ந்து, களையெடுப்புக் கூலி இரண்டு ஆண்டுகளுக்கு இரட்டிப்பாயிற்று.

துத்தநாகக் குறைக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுகிறேன், டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களோடு சேர்த்துக் கலக்கக் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். தண்ணீர் நிற்பதற்கு நான் செய்ய முடிந்தது ரகத்தை மாற்றியது மட்டுமே. சி.ஆர். 1009 சப் 1 என்னும் நீண்டகால ரகம் இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் மீண்டு வரக்கூடியது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் வயல் குளமானபோது அதுதான் பிழைத்தது.

வைக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்ணைக் காளவாய்க்கு விற்காதவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரம் வந்து, வைக்கோல் லாரியில் வெளியூர் போய்விடுகிறது. வீட்டில் மாடு இருந்தவரை அது எருவாகத் திரும்பி வந்தது. இப்போது மாடும் இல்லை, எருவும் இல்லை. பொக்லைன் ஒன்பது நாளில் செய்ததை இது முப்பது ஆண்டில் செய்கிறது என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். நான் மேட்டு வயல் வைக்கோலை விற்பதில்லை, கொளுத்துவதும் இல்லை. அறுத்த அடித்தாளை வயலிலேயே விட்டுவிடுகிறேன்; அறுவடைக்கு ஒரு வாரத்துக்கு முன்பே, மண் ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளித்துவிடுகிறேன். ஈரத்தில் அறுவடை இயந்திரம் இறங்கினால் உளுந்து நசுங்குவதோடு மண்ணும் கெட்டித்துப் போகும். ஆகவே அந்த மூன்று மாவுக்கு மட்டும், ஆள் கிடைத்தால், கையறுப்புதான்.

சென்ற ஆண்டுப் பரிசோதனையில் களிப் பக்கத்தில் அங்ககக் கரிமம் 0.48. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகும் நடுத்தரம் என்ற எல்லையை அது தொடவில்லை. விளைச்சல் மாவுக்கு ஒன்பது மூட்டை வரை வந்திருக்கிறது. நல்ல ஆண்டில் ஒன்பதரை. உழவு ஓட்டும்போது மடையான்கள் இறங்குகின்றன, எண்ணிக்கையில் சித்தப்பா வயலைவிடக் குறைவாக. ஆக, மேலே அரை அடிக்கு உயிர் வந்திருக்கிறது என்று சொல்லலாம். இரண்டரை அடிப் பள்ளம் அப்படியே இருக்கிறது. அதற்கு மருந்து எதுவும் இல்லை, என் காலத்திலும் என் மகன் காலத்திலும் இருக்கப்போவதும் இல்லை.

கடந்த சித்திரையில் என் அண்ணன் மகன் தரகர் ஒருவரோடு வந்தான். அவனுடைய வயலும் மேடுதான். மோட்டார்க் கடன் கழுத்தை நெரிக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், நீங்கள் மட்டும் செய்யலாமா என்று அவன் கேட்டிருப்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருவரையும் படி வழியாக என் வயலுக்குள் இறக்கி, நிற்கவைத்து, 73 ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவன் ஒரு முடிவோடு வந்தான்: வாய்க்கால் மட்டத்தை டம்ப்பி லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவி வைத்து அளந்ததில் ஓரடிதான் இறக்க வேண்டியிருந்தது, ஆகவே ஓரடிக்கு மேல் இல்லை, மேல்மண்ணை முக்கால் அடிக்குத் தனியே வழித்துக் குவித்து வைத்துவிட்டு, அதன் கீழிருந்து மட்டும் எடுத்து, பிறகு குவியலைத் திரும்பப் பரப்பிக் கொடுக்க வேண்டும், அனுமதிச் சீட்டின் நகலைக் காட்டிய பிறகே இயந்திரம் இறங்க வேண்டும், எல்லாம் எழுத்தில். இயந்திர வாடகை கூடுகிறது என்று தரகர் முனகினார். ஆனால் வேரும் மக்கும் கலந்த மேல்மண் செங்கல் அறுக்கத் தோதுப்படாது, எப்படியும் ஒதுக்க வேண்டியதுதான் என்று காளவாயில் வேலை பார்த்த பையன் ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டதால் பேரம் படிந்தது. நெல்லுக்கு உயிரான பகுதி செங்கல்லுக்குக் குப்பை என்பது எனக்கும் அன்றுதான் தெரியும். என்னுடைய ஒரு சாண் கறுப்பு மண்ணைக் காளவாயில் என்ன செய்திருப்பார்கள் என்று பிறகு வெகுநேரம் யோசித்தேன்.

மண் எடுத்து முடிந்த மறுவாரம் கோடை மழை இரண்டு நாள் பெய்தது. பரப்ப இயந்திரம் வரத் தாமதமாயிற்று. குவியல் வயலோரத்தில் கிடந்தது. பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். வெட்டிய தரை முழுவதும் வெறுமையாக, நகத்தால் கீறிய கோடுகள் போல வெடித்துக் கிடந்தது. குவியலின்மேல் மட்டும் அறுகும் கோரையும், சென்ற ஆண்டு சிந்திய உளுந்தும் பச்சையாக முளைத்திருந்தன. அண்ணன் மகன் அதன்மேல் ஏறி நின்று, களை வந்துவிட்டதே, மருந்து அடித்துவிடலாமா சித்தப்பா என்று கேட்டான். அப்படியே பரப்பி மடக்கி உழச் சொன்னேன்.